முப்பத்தாறு கோட்டும் முகம் தெரியாத எக்ஸும்

பட்டாணியின் அப்பாவும் அத்தையும் ஒரே இஸ்திரிக் கடையில் ஆளுக்கொரு மேசை போட்டிருந்தார்கள்.

அப்பா நிதானம். அவர் தேய்த்த மடிப்பு அவ்வளவு கூர்மை. ஒருமுறை அதன்மேல் உட்கார்ந்த ஈ, எழுந்து போகும்போது இரண்டு ஈயாகப் போனது. அத்தை வேகம். அவர் தேய்த்து மடித்து வைத்த பிறகுதான் சட்டைக்குச் சூடே தெரியும்.

அன்று மத்தியானம் அக்கா ஒரு பெரிய மூட்டையோடு ஓடி வந்தாள். அக்கா பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவள்.

"அப்பா, முப்பத்தாறு கோட்டு! மூட்டையில கிடந்து கசங்கிப்போச்சு. போட்டிக்கு பஸ் ரெண்டரை மணி நேரத்துல கிளம்பிடும். கசங்கின கோட்டோட மேடை ஏற விடமாட்டாங்களாம்."

சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள். அவளுடைய முதல் போட்டி அது.

அப்பா மூட்டையைப் பார்த்தார். "எனக்கு ஆறு மணி நேரம் ஆகும்."

"எனக்கு மூணு," என்றார் அத்தை.

"ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம். முடியாதும்மா," என்றார் அப்பா வருத்தமாக.

"அப்பா! ஆள் சேர்ந்தா நேரம் கூடுமா, குறையுமா?" என்றாள் பட்டாணி. சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து முடிக்க எக்ஸ் மணி நேரம்னு வெச்சுக்குவோம்."

"எக்ஸா? யாரும்மா அது?"

"தெரியாத ஆளுப்பா. கண்டுபிடிச்சதும் போயிடுவாரு. மொத்த வேலையும் ஒண்ணு. ஒரு மணியில நீங்க ஆறுல ஒரு பங்கு முடிப்பீங்க, அத்தை மூணுல ஒரு பங்கு. அப்போ எக்ஸ் மணியில, எக்ஸ் பை ஆறு கூட்டல் எக்ஸ் பை மூணு, சமம் ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா எக்ஸ் பை ரெண்டு. அப்போ எக்ஸ் ரெண்டு. ரெண்டே மணி நேரம்தான்!"

அக்கா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இறக்கி விட்டதும் பட்டாணி பார்த்த காட்சி வேறு. அப்பாவும் அத்தையும் கோட்டுகளைப் பதினெட்டு, பதினெட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மிட்டாயைக்கூட நூல் வைத்து அளந்து பிரிப்பார்கள்.

"ஐயோ! அத்தை பாதியை ஒன்றரை மணியில முடிச்சுடுவாங்க. அப்பாவோட பாதிக்கு மூணு மணி ஆகும். பஸ் போயிடுமே!"

"அண்ணன் பங்குல நான் கை வைக்க மாட்டேன்," என்றார் அத்தை.

"வெச்சுத்தான் பாரேன்," என்றார் அப்பா.

இரண்டு மணி நேரத்தில் அப்பாவால் பன்னிரண்டு கோட்டுதான் தேய்க்க முடியும். ஆனால் 'உங்களுக்குப் பன்னிரண்டு போதும்' என்று சொன்னால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும். அதை எந்த இஸ்திரிப்பெட்டியாலும் நிமிர்த்த முடியாது.

பட்டாணி இரண்டு குவியலையும் அள்ளி நடுவில் ஒன்றாகப் போட்டாள். "இப்போ யாருக்கும் பங்கு இல்லை. ஒண்ணு முடிஞ்சா அடுத்ததை எடுங்க. அவ்வளவுதான்."

"எடுக்கலாமே," என்றார் அத்தை, எடுத்து முடித்த பிறகு.

அப்புறம் கடைக்குள் ஒரே ஆவி. தெருவில் போனவர்கள் மழை வருமென்று குடை விரித்தார்கள். கடைசிக் கோட்டை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு கை என்று தேய்த்து முடித்தார்கள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இரண்டு மணி நேரம்.

"யார் எத்தனை தேய்ச்சோம்?" என்று மெதுவாகக் கேட்டார் அப்பா.

"எண்ண மறந்துட்டேன்ப்பா," என்றாள் பட்டாணி.

அக்கா மூட்டையோடு ஓடினாள். சிறிது நேரத்தில் தெருமுனையில் பஸ் கிளம்பும் சத்தமும், அதன் ஜன்னலிலிருந்து டிரம்பெட் சத்தமும் கேட்டன.

அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் மேசைமேல் கிடந்த இரண்டு கைக்குட்டைகள் தாமாகவே சுருக்கம் நீங்கிப் படுத்தன.