முன்பக்கம் பூட்டு போட்டிருக்கும்

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக ஆம்பூரின் கிழக்குப் பகுதியில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது.

மதியம் இரண்டே கால் மணிக்கு, மேட்டுத் தெரு மூன்றாவது சந்தில், ஒன்பதாம் எண் வீட்டின் முன்கதவுக்கு வெளியே தொங்கிய பூட்டு ஒருமுறை அசைந்தது.

உள்ளே தரையில் உட்கார்ந்து தோல் துண்டின் ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த ஷர்மிளா கையை நிறுத்தினாள். தையல் மெஷின் ஓடியிருந்தால் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்காது. ஃபேனும் இல்லை. யாரோ அந்தப் பூட்டைத் தூக்கி, எடை பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மெதுவாக விட்ட சத்தம் அது. தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பூட்டைத் தொடுவதில்லை.

அந்தச் சந்தில் இரவைவிடப் பகல்தான் ஆளில்லாத நேரம். காலை ஏழே முக்காலுக்கு ஷூ கம்பெனி பஸ்கள் வந்து ஆணையும் பெண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். பிறகு வீட்டுக்கு வீடு பூட்டுதான். அத்தனை பூட்டுகளுக்கு நடுவில் ஒரு கதவு மட்டும் வெறுமனே சாத்தியிருந்தால், உள்ளே ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று தண்டோரா போட்ட மாதிரி. அதனால் வீட்டிலிருந்து தைக்கிற பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஷர்மிளாவின் கணவன் இன்பராஜும் அப்படித்தான் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவள் பின்கதவைப் புழங்குவாள். பூட்டைப் பார்க்கிறவன் ஆளில்லை என்று போய்விடுவான். அந்தப் பூட்டுக்கு அதுதான் வேலை.

மூன்று வாரத்துக்கு முன்பு அவளே அதைக் கெடுத்திருந்தாள்.

கம்பெனியில் கழித்துப் போடும் தோல் துண்டுகளை வாங்கி அவள் பர்ஸ் தைத்து விற்றாள். ஃபேஸ்புக்கில் பதினோராயிரம் பேர் இருக்கும் ஒரு குழுவில் படம் போட்டதும் விசாரிப்புகள் குவிந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்கள். பர்தா போட்ட பெண்கள் சிலர், வீட்டில் ஆண்கள் இருப்பார்களோ என்று தயங்கினார்கள். எல்லாருக்கும் சேர்த்து அவள் ஒரே பதிவாக எழுதினாள். தெரு, சந்து, கதவு எண், பச்சை பெயின்ட். அதற்குக் கீழே:

'முன்பக்கம் பூட்டு போட்டிருக்கும். பார்த்துட்டு திரும்பிப் போயிடாதீங்க. நான் உள்ளதான் இருப்பேன். லேடீஸ் தயங்காம வரலாம், ஆறு மணி வரைக்கும் வீட்ல ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. சாக்கடை ஓரமா பின்பக்கம் வாங்க.'

பக்கத்து வீட்டு குர்ஷித் படித்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி இது? என் ஊட்டுக்கு வழி தெரியாம போஸ்ட்மேனே பேஜாராவறான். நீ இன்னாடான்னா ஊரையே விருந்துக்குக் கூப்புட்ற!"

"வியாபாரம்னா அப்படித்தான் குர்ஷித்தக்கா. உனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி."

இப்போது குர்ஷித் வீட்டிலும் பூட்டு.

"மேடம்."

முன்கதவுக்கு வெளியே ஒரு ஆண்குரல். மரியாதையான குரல். ஷர்மிளா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஏனோ சொல்லவில்லை. ஆண்கள் யாரும் பர்ஸ் கேட்டு இன்றைக்கு வருவதாகச் சொல்லவில்லை.

பிறகு அந்தக் குரல், பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது.

"முன்பக்கம் பூட்டு போட்டிருக்கும். பார்த்துட்டு திரும்பிப் போயிடாதீங்க."

நிறுத்தியது.

"நான் உள்ளதான் இருப்பேன்."

அவளுடைய வார்த்தைகள். எழுதும்போது அவை சிநேகமாக இருந்தன. மூடிய கதவின் வழியாக, இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அப்படி இல்லை. செருப்புக் காலடி பக்கச் சுவரை ஒட்டி, அவசரமில்லாமல், சாக்கடைப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கச் சுவர் இடுக்கு ஒரு ஆள் அகலம்தான். தோள் சுவரில் உரசுகிற சத்தம் முன்னறையிலிருந்து சமையலறைவரை அவளோடு கூடவே வந்தது.

பின்கதவின் உள்தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் வெளித்தாழ்ப்பாள் இழுபட்டது. துருப்பிடித்த இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, முட்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகச் சர்ச்சுக்குப் போகும்போது அவர்களே போடுகிற தாழ்ப்பாள்.

முன்னால் பூட்டு. பின்னால் தாழ்ப்பாள். ஜன்னலெல்லாம் கம்பி.

கதவைப் பிடித்து இழுக்கக் கை போனது. பாதியில் நின்றது. வெளியே இருப்பவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆள் இருந்தால் கதவை ஆட்டுவார்கள். ஆட்டினால் தெரிந்துவிடும். அவனுக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. அவள் சத்தம் போடாதவரை இது பூட்டிய வீடு.

செல்போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். இன்பராஜுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி கேட்டிலேயே போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். குர்ஷித்துக்கும் அப்படியே. அந்தச் சந்தின் போன்கள் எல்லாம் யாரும் எடுக்காமல் பெட்டிகளுக்குள் கிடந்தன.

போலீஸ் எண் நூறுக்கு அடித்தாள். துப்பட்டாவை வாயில் வைத்து மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"வெளிய ஆள் நிக்கறான்... தனியா இருக்கேன்..."

"எங்கேருந்தும்மா பேசறீங்க? அட்ரஸ் சொல்லுங்க."

கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. அதன் நடுவே இரண்டு நிழல்கள். இரண்டு பாதங்கள். அவள் நிற்கும் இடத்திலிருந்து நான்கடி.

"ஆம்பூர்..."

"கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க. தெரு பேரு, கதவு நம்பர்."

பதினோராயிரம் பேருக்குச் சொன்ன முகவரி தொண்டைக்குள்ளேயே நின்றது. பாதங்கள் கதவுப் பக்கம் திரும்பின. கரண்ட் போய் நேரமானால் அங்கே டவரும் படுத்துவிடும். அழைப்பு அறுந்தது. திரும்பப் போட்டாள். மூன்று முறை. போகவில்லை.

குழுவைத் திறந்தாள், அந்தப் பதிவை அழித்துவிட. சுற்றிச் சுற்றி, கடைசியில் படமில்லாமல் எழுத்து மட்டும் வந்தது. முகமில்லாத ஒரு கணக்கு நேற்று இரவு எழுதியிருந்தது: 'நாளைக்கு அங்க கரண்ட் இல்ல.' இன்று இரண்டு பதினான்குக்கு: 'வந்துட்டேன். பூட்டு இருக்கு. உள்ள ஆள் இருக்காங்களா?'

கீழே முன்பின் தெரியாதவர்கள் உதவியாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

'ஆமா ப்ரோ. நான் போன வாரம் போனேன். பின்பக்கம் போங்க.'

'நல்லா தட்டுங்க, மெஷின் சத்தத்துல கேக்காது.'

'நாலேகாலுக்கு அவங்க பாப்பா ஸ்கூல் விட்டு வரும். அப்ப எப்படியும் கதவ தொறப்பாங்க.'

கடைசியாக அந்தக் கணக்கு ஒரு கைகூப்பல் போட்டிருந்தது.

அழிக்கும் பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. நின்றது. பதிவு அப்படியே இருந்தது.

மகள் பெனிட்டாவுக்கு எட்டு வயது. வேன் சந்து முனையில் தபரேஸ் டீக்கடை முன்னால் இறக்கிவிடும். அங்கிருந்து சாக்கடை ஓரமாக நடந்து நேராகப் பின்கதவுக்கு வருவாள். வேன் ஓட்டும் சுஹேல் பாய்க்குச் செய்தி அனுப்பினாள்: 'பாப்பாவ இறக்காதீங்க, கடையிலயே வைங்க.' ஒற்றை டிக். அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்று மணி. மூன்றரை. வெயில் சமையலறைத் தரையில் கம்பி நிழலை இழுத்துக்கொண்டே போனது. பாதங்கள் அசையவில்லை. நிற்கிறவன் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. இருமவில்லை. கொசு அடிக்கவில்லை. சாக்கடை ஓரத்தில் ஒருவன் ஒன்றேகால் மணி நேரம் கொசு அடிக்காமல் நிற்க முடியுமா?

அப்புறம் அந்த வாடை. ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் வாடை ஒரு வாடையே இல்லை. ஆனால் இது முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து அப்போதுதான் தூக்கிய பச்சைத் தோலின் வாடை. வீட்டில் இருந்ததெல்லாம் பதப்படுத்தி, சாயமேற்றி, காய்ந்த துண்டுகள்தான். வாடை முதலில் கதவுப் பக்கமிருந்து வந்தது. பிறகு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

போன் அணைந்தது.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. கத்தலாமா? கத்தினால் இங்கே ஆள் இருக்கிறது என்று ஆகிவிடும். கத்தாவிட்டால் குழந்தை வருவாள். அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். அங்கிள், தள்ளுங்க, எங்க வீடு என்பாள்.

வேன் ஹாரன். இரண்டு தடவை. வேன் கதவு இழுத்துச் சாத்தப்படுகிற சத்தம்.

ஸ்கூல் ஷூச் சத்தம். சின்ன அடிகள். தண்ணீர் பாட்டில் பையில் இடிக்கிற டக், டக்.

"யம்மா! இன்னிக்கு மேத்ஸ்ல ஸ்டார் குடுத்தாங்கம்மா!"

பாதங்கள் இருந்தன.

டக். டக்.

ஷர்மிளா இரண்டு மணி நேரம் அடக்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"பெனீ! கிட்ட வராத! ஓடு! தபரேஸ் மாமா கடைக்கு ஓடுடீ!"

ஷூச் சத்தம் நின்றது.

"ஓடு!"

ஓடியது. பாட்டில் கீழே விழுந்து உருண்டது. குழந்தையின் அழுகை சந்து முனைவரை போனது. யாரோ "இன்னா பாப்பா, இன்னாச்சு?" என்றார்கள்.

ஷர்மிளா குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு முழுசாக இருந்தது.

பாதங்கள் இல்லை. நடந்து போன சத்தமும் இல்லை.

அவள் நிமிரவில்லை. வாடை கூடியிருந்தது. முதுகுப் பக்கம். முன்னறையில் தோல் துண்டுகள் கிடந்த இடத்தில் ஏதோ மிதிபட்டது. பிறகு சமையலறை வாசலில். பிறகு பிடரியில், ஈரமான மூச்சு.

"நான் உள்ளதான் இருப்பேன்," என்றது அது.

இந்த முறை அவளுடைய குரலில்.

தபரேஸும், கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது மணி நான்கு பதினேழு. முன்கதவில் பூட்டு பூட்டியபடி இருந்தது. பின்கதவின் வெளித்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அதை நீக்கித் தள்ளிப் பார்த்தார்கள். உள்தாழ்ப்பாளும் போட்டிருந்தது. கதவை உடைத்தார்கள்.

இரண்டு அறை, ஒரு சமையலறை. உள்ளே யாரும் இல்லை.