நான்கு மில்லிமீட்டர்

நேற்று மாலை முக்குளிக்கும் மாஸ்க்கின் கண்ணாடியில் அவர் வைத்தது இரண்டு புள்ளிகள். இன்று காலை மூன்று இருந்தன.

கண்ணாடிக்காரர் தோள்பையை இறக்கி வைக்காமலே வேலை மேசை முன்னால் நின்று பார்த்தார். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று, நடுவில் சற்றுக் கீழே புதிதாக ஒன்று. அதே வெள்ளை மை, அதே கடுகளவு. மை பேனா அவர் சட்டைப்பையிலேயே வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தது; கடைக்கு ஒரே சாவிதான், அதுவும் அவரிடம்தான். வருகிறவர்களின் கருவிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் புள்ளி வைத்தே பதினேழு வருடம் பிழைத்தவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். முதல் இரண்டும் போயின, மூன்றாவது போகவில்லை. மாஸ்க்கைத் திருப்பி உள்பக்கமாகத் துடைத்த பிறகுதான் அது போனது. உள்ளே ஆவி படிந்திருந்தது, யாரோ இப்போதுதான் முகத்திலிருந்து கழற்றி வைத்தது போல.

பஞ்சை முகர்ந்தார். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் உப்பு வாடை அடித்தது. கடல் அந்த ஊரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம்.

மாஸ்க் அவருடைய தம்பியுடையது. நாற்பது வயதாகியும், முன்மண்டையில் முடி போயும், வீட்டில் அவன் இன்னும் சின்னவன்தான். நாளை மறுநாள் அவனும் அவன் மனைவியும் பவளப்பாறைக் கடலுக்குப் போகிறார்கள், திமிங்கலச் சுறாவோடு நீந்த. அண்ணனைப் போலவே அவனுக்கும் மைனஸ் ஐந்து பவர். மாஸ்க்கின் கண்ணாடிக்கு உள்ளே பவர் லென்ஸ் ஒட்டாவிட்டால் தண்ணீருக்குள் அவனுக்கு யானையும் பூனையும் ஒன்றுதான்.

அந்த ஆசை சின்னவனுடையது அல்ல. அதைத்தான் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை. பதினோரு வயதில் ஒரு படப் புத்தகத்தில் அதை முதலில் பார்த்தவர் அவர். பேருந்து நீளத்துக்கு ஒரு மீன், கருநீல முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கதவு திறந்த மாதிரி வாய், அந்த வாயால் பொடிப்பொடி உயிர்களை மட்டும் தின்னும் சாது. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன் சின்னவன். அவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். பவளங்கள் முட்டையிடும் மாதம், பௌர்ணமி கழித்து எத்தனையாவது நாளில் சுறாக்கள் அதைத் தின்ன வரும், எந்த நீரோட்டத்தில் இறங்க வேண்டும், சூரியன் எத்தனை மணிக்கு நேராக விழும் என்று இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தார். எல்லாம் முடிந்து டிக்கெட்டும் எடுத்த பிறகு வலது காதில் சீழ் வைத்து ஜவ்வில் ஓட்டை விழுந்தது. தண்ணீரில் தலையை முக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கேயே பக்கத்து நாற்காலியில் இருந்த சின்னவன் இவர் பக்கம் திரும்பினான்.

"அப்ப நாங்க போய்ட்டு வரட்டுமாண்ணே? வீணாப் போகக் கூடாதில்ல. உனக்கு வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன்."

"போய்ட்டு வாடா" என்றது இவர் வாய். வயிறு பற்றி எரிந்தது.

நேற்று புள்ளி வைக்க வந்தபோது நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவனை இவர் நேருக்கு நேர் குனிந்து பார்த்தார்.

"என் மூக்கைப் பாரு. ஆடாத."

"ஏண்ணே, நெஜமாவே அது கடிக்காதில்ல?"

"கடிக்காது."

"எனக்கு என்னமோ இப்பவே பயமா இருக்கு."

பயப்படுகிறவனுக்குப் போய்க் கிடைக்கிறது பார் என்று இவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சின்னவன் போன பிறகு சரியாக வைத்த இரண்டு புள்ளிகளையும் அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் நான்கு மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைத்தார். நான்கே மில்லிமீட்டர். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேரே நிற்காவிட்டால் தலை சுற்றும், குமட்டும், கிட்டத்தில் இருப்பதும் கைக்கு எட்டாது, படகுக்குத் திரும்பிப் போய் ஓரமாகப் படுத்துக்கொள்வான். தம்பிக்கு ஒன்றும் ஆக வேண்டாம், அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. அதைப் பார்க்காமல் திரும்பி வந்தால் போதும்.

மூன்றாவது புள்ளியைத் துடைத்துவிட்டு, தள்ளி வைத்த இடங்களைத் திரும்பக் குறித்து, லென்ஸ்களை ஒட்டி, பசை இறுகும் வரை விளக்குக்கு அடியில் வைத்திருந்தார். மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்து மாஸ்க்கை மாட்டிப் பார்த்தார்.

முதலில் தலை சுற்றியது. சந்தோஷமாக இருந்தது. பிறகு எதிர்ச் சுவரில் இருந்த எழுத்து அட்டை, வருகிறவர்கள் எல்லாம் கடைசி வரியில் தடுமாறும் அந்தப் பழைய அட்டை, மேலே பெரிய எழுத்திலிருந்து கீழே பொடி எழுத்து வரை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லத் திரும்பி வந்து, மறுபடி சாய்ந்தது. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய் அமுங்கியது. வெளிச்சம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. அலமாரியும் அதில் வரிசையாக நின்ற பிரேம்களும் நீலத்துக்குள் கரைந்துபோன இடத்தில், வெகு தொலைவில், வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போயின.

கழற்றினார். கடை கடையாகவே இருந்தது. மேசை விளிம்பில் மட்டும் தண்ணீர் சொட்டியிருந்தது, தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது.

பயந்து எழுந்து ஓடியிருக்க வேண்டும். கண்ணாடிக்காரர் ஷட்டரை மிச்சப் பாதியும் இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவன் எட்டு நாள் பயணம் போய் எங்கோ ஒரு கடலில் தேட வேண்டியது இங்கே தன் நாற்காலிக்கே வருகிறதே!

"இன்னும் பசை காயலடா" என்று அன்று மாலை போனில் சொன்னார். மறுநாளும் சொன்னார். ஒவ்வொரு காலையும் கண்ணாடியின் உள்பக்கம் புள்ளிகள் கூடின, ஏழு, இருபது, எண்ண முடியாமல். ஒவ்வொரு மதியமும் அந்தப் பெரிய உடல் கொஞ்சம் கிட்டே வந்து திரும்பியது. மூன்றாம் நாள் அங்கே ஒரு ஆளும் இருந்தான். மஞ்சள் துடுப்புக் காலணிகள், முன்மண்டையில் வழுக்கை. சின்னவன். இங்கேயும் எனக்கு முன்னால் வந்துவிட்டான் என்று வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் திரும்பினான். முகம் தெரியவில்லை, வெளிச்சம் பின்னால் இருந்தது. கையை இவரை நோக்கி நீட்டினான். எட்டவில்லை. இன்னும் நீட்டினான். அவன் சின்னதாகிக்கொண்டே போனான். கை, பிறகு விரல்கள், பிறகு மஞ்சள் மட்டும். அதுவும் இல்லை.

மாஸ்க்கைப் பிய்த்து எடுத்து வீசாத குறையாக மேசையில் வைத்தார். மூச்சு வாங்கியது. தம்பி மூழ்குகிறான். நான்கு மில்லிமீட்டரில் தடுமாறி, எது கிட்டே எது தூரம் என்று தெரியாமல் மூழ்குகிறான். லென்ஸைச் சூடுகாட்டிப் பெயர்த்து, சரியான இடத்தில் ஒட்ட ஒரு மணி நேரம் போதும். ஒட்டினால் தம்பி பிழைப்பான். ஒட்டினால் அதைப் பார்த்தும்விடுவான்.

லென்ஸைப் பெயர்க்கும் தகட்டைக் கையில் எடுத்தார். அப்போது ஷட்டர் தட்டப்பட்டது.

"அண்ணே, சாயந்திரம் வண்டி. எப்படியிருந்தாலும் குடுத்துடு." சின்னவன் உள்ளே வந்து மாஸ்க்கை எடுத்து மாட்டினான். கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. "நல்லாத் தெரியுது. தலைதான் லேசாச் சுத்துதுண்ணே."

தகடு இன்னும் இவர் கையில் இருந்தது. சின்னவனின் சட்டைப்பையில் அந்த நோட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"தண்ணிக்குள்ள போனா சரியாயிடும்" என்றார்.

"இதைப் போட்டுக்கிட்டா நீயும் கூட வர்ற மாதிரிதாண்ணே" என்று கட்டிக்கொண்டான் சின்னவன்.

அவர்கள் போன மறுநாள் இவருடைய மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அளந்து பார்த்தார். கருவிழியிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வெளியே. துடைத்தார். போகவில்லை. வேறு கண்ணாடி மாற்றினார். அதிலும். வலது காது நமநமவென்றது. தம்பிக்குப் போன் போட்டு அதை மாட்டாதே என்று சொல்லிவிடலாம் என்று எடுப்பார், ஏன் என்று கேட்பானே என்று வைத்துவிடுவார். நோட்டின் கணக்குப்படி மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இறங்குவார்கள். அந்தக் கணக்கைப் போட்டதே அவர்தானே.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. தெருவில் நல்ல வெயில். கடையில் ஒருவரும் இல்லை. எழுத்து அட்டை சாய்ந்தது. மாஸ்க் இல்லை, ஒன்றும் இல்லை, அவருடைய சொந்தக் கண்ணாடி. அட்டை திரும்பி வந்தது. மறுபடி சாய்ந்தது. தெருவின் சத்தம் அமுங்கியது. காதிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாகக் கழுத்தில் இறங்கியது. துடைத்துப் பார்த்தார். தண்ணீர்.

சின்னவன் செத்துக்கொண்டிருக்கிறான். எழுந்தார். நாற்காலி கீழே விழவில்லை, மெல்லச் சாய்ந்து, மெல்லப் போனது.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. தம்பி மனைவியின் எண்.

தொட்டார். திரையில் சின்னவன். ஈரத் தலை, படகு, வெயில், காது வரை சிரிப்பு.

"பாத்துட்டேண்ணே! இவ்ளோ கிட்ட! பக்கத்துலயே நீந்தினேன்!"

தம்பி உயிரோடு இருக்கிறான். அந்த நிமிடத்திலும் இவருக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான்.

"திட்டாதண்ணே, உன் மாஸ்க் என்னமோ தலையச் சுத்திச்சு. கழட்டிட்டுப் படகுக்காரர்கிட்ட பவர் வச்ச வேற ஒண்ணு வாங்கி மாட்டினேன். உன்னோடது கை நழுவிப் போயிடுச்சுண்ணே. எட்டி எட்டிப் புடிச்சுப் பாத்தேன். கிடைக்கல. அது பாட்டுக்குக் கீழ போய்ட்டே இருந்துச்சு."

நீட்டிய கை. சின்னதாகிக்கொண்டே போன விரல்கள்.

மூழ்கியது அவன் இல்லை.

கண்ணாடியைக் கழற்றக் கையை உயர்த்தினார். விரல் வழுக்கியது. பிரேம் இல்லை. காதுக் காம்பு இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை வழவழவென்று ஒரே கண்ணாடி.

நீலம் கருத்தது. மேலே வெளிச்சம் ஒரு காசு அளவு. பிறகு அதுவும் குறைந்தது.

"அண்ணே?" சின்னவனின் சிரிப்பு நின்றது. திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு வந்தான். "அண்ணே, என்னது அது... உன் கண்ணாடிக்குள்ள தண்ணி நிக்குது."

பதில் சொல்ல வாயைத் திறந்தார். குமிழிகள் வந்தன.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் அவருடைய சொந்த முகம். தலைமுடி மேல்நோக்கி மெல்ல எழுந்து அசைந்தது. தண்ணீர் புருவத்தைத் தொட்டிருந்தது. அதற்கு உள்ளே இரண்டு கண்கள் திறந்தபடி இருந்தன. அவருக்குப் பின்னால், எழுத்து அட்டை இருந்த இடத்தில், ஷட்டர் அகலத்துக்கு ஒரு வாய் திறந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள், இரண்டு இரண்டாக.