ஒரே ஒரு சுவர்

அக்காவின் துணிமணிகளை எடுத்துப் போகத்தான் தங்கை வந்தாள். காலை பத்து மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் நின்றாலே பின்பக்கத்து மரம் தெரிகிற வீடு. நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே மறைப்பு என்று ஒரு சுவர்கூடக் கிடையாது.

அக்கா புருஷன் கட்டடக்கலைஞர். முதலில் பூசாத கான்கிரீட் மேல் பைத்தியமாக இருந்தார். அப்புறம் வெள்ளைப் பெட்டி வீடுகள். கடைசியில் கண்ணாடி. நவீன வீட்டில் ஒளித்து வைக்க எதுவும் இருக்கக் கூடாது என்று மேடை மேடையாகப் பேசுவார். ஞாயிறானால் மாணவர்கள் பஸ் பிடித்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அக்கா சாப்பிடுவதையும் தலை வாருவதையும் சேர்த்தே பார்த்துவிட்டுப் போவார்கள்.

"மீன் தொட்டியில எப்படிக்கா இருக்கே?" என்று தங்கை போனில் கிண்டலடிப்பாள்.

"படுக்கைகிட்ட ஒரே ஒரு சுவர் கேட்டேன்டி. பிளான் கெட்டுடுமாம்."

"இரு, நான் வந்து மாமாகிட்ட பேசறேன்."

அவள் வரவில்லை. நர்ஸ் வேலை, லீவு கிடைக்கவில்லை என்பது பாதி உண்மைதான். மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்த அக்கா, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்துப்போனாள்.

மாமா ஸ்டூல் மேல் ஏறிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்திரிகையிலேர்ந்து படம் எடுக்க வராங்க. இதைப் பாரு."

படுக்கை இருந்த மூலையில், கண்ணாடி முழுக்கப் பனி பிடித்த மாதிரி வெளுத்திருந்தது. அவர் துடைத்தார். போனது. மறுபடி வந்தது.

"வெளிப்பக்கம் துடைச்சீங்களா?"

"ரெண்டு பக்கமும் ஈரமே இல்லம்மா."

தங்கை கிட்டே போனாள். வெளுப்பு மெல்ல விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

வார்டில் பழகிய கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. நிமிடத்துக்குப் பதினாறு.

ஆழ்ந்து தூங்கும் ஒருத்தியின் மூச்சு.

அக்கா நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசனை குப்பென்று வந்தது.

"நீ சொன்னா கேப்பா," மாமா கிசுகிசுத்தார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் போயிடச் சொல்லு. என் வாழ்நாள் உழைப்பும்மா இது."

"அவ இப்பதான் தூங்கறா மாமா. விடுங்க."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே!"

துணியைச் சுருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

மூச்சு நின்றது.

வீடு பளிச்சென்று தெளிந்தது. மாமா சிரித்தார்.

மறு நொடி நாலு பக்கமும் வெள்ளையாகிவிட்டது.

தங்கை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மாமாவும் பின்னாலேயே வந்தார். கதவு அகலமாகத் திறந்துதான் இருந்தது. ஆனால் வாசலில் அவர் நெற்றி எதிலோ 'ணங்'கென்று மோதியது. இரண்டு கைகளாலும் வெறும் காற்றைத் தடவினார். மேலே. பக்கவாட்டில். கீழே.

"சுவர்... இங்க சுவர் இருக்கும்மா. கையைக் குடு."

எட்டும் தூரம்தான். கொடுத்திருக்கலாம்.

அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் படம் எடுக்க வந்தவர், வீட்டில் கிடந்த மாமாவின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டார்.

"வீட்ல யாருமே இல்லீங்க. கதவு திறந்து கெடந்துச்சு, எடுத்துட்டோம். கண்ணாடி சும்மா பளபளன்னு இருக்கு. ரெண்டே ரெண்டு இடத்துல மட்டும் மங்கலா ஏதோ. துடைச்சாலும் போக மாட்டேங்குது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு மூச்சு முட்டற மாதிரி வேகவேகமா வந்து வந்து போகுதுங்க."

"இன்னொண்ணு?"

"அது அது பாட்டுக்கு, நிதானமா."