காலி சீட்டின் பெல்ட்

காரை வாங்கி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தோல் சீட்டுகளைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் அவன் கவனித்தான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆளே இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. மாட்டியது மட்டுமில்லை, சிறு பிள்ளைக்கு மாட்டுவதைப் போல இழுத்துச் சரிசெய்தும் இருந்தது.

காரை விற்ற டாக்டரம்மா சாவியைக் கொடுக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "அது என் தங்கச்சி சீட், தம்பி. பெல்ட்டை மட்டும் கழட்டாதீங்க." வயதான மனுஷி, ஏதோ பாசம் என்று அப்போது தலையாட்டிவிட்டு வந்திருந்தான். தலையாட்டக் காசா பணமா?

பாட்டுக் கேட்கச் சாவி போட்டிருந்தான். இப்போது பெல்ட்டைக் கழற்றினான். உடனே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிங், டிங் என்று மணி. உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

ஓஹோ, இதுதானா சங்கதி என்று சிரித்துக்கொண்டான். சீட்டுக்கடியில் எடையை உணரும் சென்சார் கெட்டுப்போயிருக்கிறது. அந்தம்மா பெல்ட்டை மாட்டி மணியின் வாயை அடைத்திருக்கிறாள். பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு இந்த மாதிரி ஒட்டுவேலைகளைக் கண்டாலே ஆகாது.

காரை வாங்கியதே மகளுக்காகத்தான். மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள், தினமும் போனில் "பாப்பாவைப் பார்த்துக்கங்க" என்பாள். எட்டு வயது பாப்பாவுக்கு வானம் தெரிகிற கார் வேண்டும். கூரை மடங்கும் பணக்காரக் கார், இருபது வருடப் பழசு, அதனால் கைக்கு எட்டியது. எட்டிய கையோடு வேலையும் வைத்தது. கூரையைத் தூக்கும் குழாயில் எண்ணெய்க் கசிவு. மழைநீர் வடியும் துளைகளில் மக்கிய இலைகள். காலடி விரிப்பு ஊறி, மூடிய பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாடை. மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். விளக்கு மட்டும் அணையவில்லை.

புது சென்சார் போட்டான். எரிந்தது. வயர்களை மாற்றினான். எரிந்தது. அந்த சீட்டின் தோலில் ஒரு பள்ளம் இருந்தது. எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான துணியால் நீவி மேடாக்கினாலும் மறுநாள் காலையில் பள்ளம் அங்கேயே இருக்கும். கார் அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தும் நின்றது. ஸ்பிரிங்கில் குறையில்லை. லிஃப்டுக்குள் எத்தனை பேர் என்பதைக் கயிற்றின் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறவன் அவன். சாய்வைப் பார்த்ததும் மனசு தானாகக் கணக்குப் போட்டது: அறுபது கிலோ. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

பாப்பா முன்சீட்டில் உட்கார மறுத்தாள்.

"விளக்கு எரியுதேப்பா. யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரும் இல்லடா. விளக்குக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"அப்ப அணைச்சுக் காட்டுங்க. உக்கார்றேன்."

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச் தகராறு செய்தால், ஒரு துண்டு வயரால் அதைத் தாண்டி இணைத்துச் சோதிப்பார்கள். ஜம்பர் என்று பெயர். சட்டைப்பையிலிருந்து மூன்று எடுத்தால் மூன்றும் பைக்குத் திரும்ப வேண்டும். ஒன்றை மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும்; தரை இருக்கிறதென்று நம்பி எவரோ காலை வைப்பார். அவன் வாழ்க்கையில் ஒரு ஜம்பரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை பள்ளி விடும் நேரமாகிவிட்டது. சீட்டுக்கடியில் ஒரு ஜம்பரை மாட்டினான். சீட் காலி என்று கார் நம்பியது. விளக்கு அணைந்தது. பையில் இரண்டு வயர் இருந்தன.

பாப்பா விளக்கைப் பார்த்தாள், முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "சில்லுனு இருக்குப்பா" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

அவள் இறங்கியபின் பார்த்தான். தோலில் பள்ளம் இல்லை. கார் நேராக நின்றது. ஒருவழியாகத் தீர்ந்தது என்று அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் இருந்தான். பாப்பா மேசையில், வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டு மாடிப்படியில் நான்காவது படி மிதித்தால் முனகும். அது முனகியது. மாடியில் யாருமில்லை. பிறகு கூடத்துத் தரையில் ஏதோ மெல்ல நடந்து வருகிற சத்தம், நடுவில் நின்று, யோசித்து, மறுபடி வருகிற சத்தம், அதோடு கார் விரிப்பின் அதே ஊறிய வாடை. அவன் பக்கத்திலிருந்த நாற்காலியின் மெத்தை அமுங்கியது. சட்டை நுனியை ஏதோ பிடித்து இழுத்தது.

பாப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு அறைக்குள் ஓடித் தாழிட்டான். வெளியே தட்டும் சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில். நெடுநேரம். அவன் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, "போ, போயிடு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். தட்டல் மெலிந்தது. ஓய்ந்தது.

சனிக்கிழமையும் அதேதான். பாப்பாவை ஒரு நொடி பிரியவில்லை. இரவில் தட்டலுக்குப் பதில் கதவில் சாய்ந்து உரசும் சத்தம் மட்டும் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் வாசலில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தான்.

"பெல்ட்டைக் கழட்டிட்டீங்க" என்றாள் எடுத்ததுமே.

"ஆமா மேடம். அது..."

"அங்க யாராவது உக்காந்தாங்களா?"

"என் பொண்ணு. வியாழக்கிழமை."



"பொண்ணைத் தூக்கிப் பாருங்க தம்பி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

திரும்பினான். பாப்பா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். குதித்துக் குதித்து. நான்காவது படியையும் மிதித்தாள். முனகவில்லை.

அவனைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். கார் அமுங்கவில்லை. ஒரு மயிரிழைகூட.

குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டான். அவளுடைய கால்கள் முகத்துக்கு நேரே ஆடின. ஜம்பரைப் பிடுங்கி, சாவியைத் திருப்பினான். பெல்ட் போடவில்லை அவள். விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

"சரியாயிடுச்சில்லப்பா" என்று சிரித்தாள்.

"எறங்கு."

இறங்கிக் கதவருகே நின்றாள். சிரிப்பு மாறவில்லை.

அப்போது வீட்டுக்குள் நான்காவது படி முனகியது.

கூடத்தில் காலடி. வாசலில். நடுவில் நின்று, பயந்து பயந்து வருகிற காலடி. இரண்டு நாளாகக் கதவைத் தட்டிய காலடி. அவன் ஓடவில்லை. அவனை ஒட்டிக்கொண்டு குளிராக ஏதோ கடந்தது. கார் லேசாக அமுங்கியது. இருபத்திரண்டு கிலோ. பிறந்த நாளிலிருந்து தூக்கித் தூக்கி அவன் கைகளுக்குத் தெரிந்த எடை.

தோலில் பள்ளம் விழுந்தது. சின்னது.

விளக்கு எரிந்தது. டிங். டிங்.

பெல்ட்டை இழுத்தான். அந்தப் பள்ளத்தின் குறுக்கே கொண்டுபோய் மாட்டினான். வலிக்காதபடி சரிசெய்தான். மணி நின்றது.

முதுகுக்குப் பின்னால் பாப்பாவின் குரல் கேட்டது.

"யாருக்குப்பா பெல்ட் போடுறீங்க?"