பூட்டி வைத்த டின்

அணைக்கு நடுவில் படகு நின்றுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாயிரம் சாலம்மாளின் அப்பாவைத் திருடன் என்றார். சாலம்மாளுக்குக் காது மடல் சுட்டது.

கண்ணாயிரம் படகின் முதலாளி. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்த அணையில் மீன்பிடிக்கக் குத்தகை எடுத்தவர். சாலம்மாளின் அப்பா ஆண்டி, மலைக்காரர். பன்னிரண்டு வருடமாகப் படகை ஓட்டுகிறார். சாலம்மாள் அக்கரையில் ஆறாம் வகுப்பு படித்தாள்.

அது எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சி போகும் சாலையில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லாததால், மீன் ஏற்றும் படகில் ஆட்கள் ஏறினார்கள்.

படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த இன்ஜின் ஆண்டியைவிட வயதில் மூத்தது. அப்போது பெட்ரோல் இரண்டு தரத்தில் கிடைக்கும். ஆக்டேன் எண் எண்பத்தேழு என்றால் சாதாரணம், தொண்ணூற்று மூன்று என்றால் உசத்தி. கிழட்டு இன்ஜினுக்குச் சாதாரணமே போதும், உசத்தி ஊற்றினாலும் அது ஒரு முழம்கூட வேகமாகப் போகாது என்று ஆண்டி பலமுறை சொல்லியிருக்கிறார். படிக்காதவன் பேச்சைக் கண்ணாயிரம் காதில் வாங்கவில்லை.

மறியலால் பெட்ரோல் பங்க் மூடிக் கிடந்தது. கண்ணாயிரம் சைக்கிளில் சந்துபொந்தெல்லாம் சுற்றி, யாரோ ஒருவரிடம் தொண்ணூற்று மூன்று என்று இரண்டு டின் வாங்கி வந்தார். நேற்று மாலை ஒன்றை ஆண்டியிடம் கொடுத்தார். இன்று காலை அதை ஊற்றியதும் இன்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டியது, புகை கக்கியது, நடுத்தண்ணீரில் உயிரை விட்டது.

துடுப்புப் போட்டுப் புறப்பட்ட கரைக்கே திரும்பினார்கள். வழியெல்லாம் கண்ணாயிரம் வாய் ஓயவில்லை.

"தொண்ணூத்தி மூணு வாங்கியாந்து குடுத்தேன். அத வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்திகினு வந்திருக்க. நாளையிலேர்ந்து படகுப் பக்கம் வராத."

ஆண்டி நான் தொடவில்லை என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. தலையைக் குனிந்து துடுப்புப் போட்டார். அதுதான் சாலம்மாளுக்குத் தாங்கவில்லை. திருடாத மனிதர் எதற்குக் குனிய வேண்டும்?

கரையில் இறங்கியதும் அவள் கண்ணாயிரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, இன்னொரு டின்னு எங்க இருக்குதுங்க?"

"ஷெட்டுல. பூட்டி, சாவி என் இடுப்புல இருக்குது. உங்கப்பன் கை படாத டின்னு அது."

"அப்ப அதத் தொறங்க."

கண்ணாயிரம் அவளைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். எதில் போவது என்று அவள் கேட்டாள். கூடையோடு நின்ற புளி வியாபாரி ராணியம்மாள் சிரித்துவிட்டாள்.

"தொறந்து காட்டு கண்ணாயிரம். ஒசத்தி பெட்ரோல் இன்னா நெறம்னு நாங்களும் பாக்கிறோம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் டின்னை எடுத்து வந்தார். மூடியில் சீல் அப்படியே இருந்தது. அவரே உடைத்தார்.

சாலம்மாள் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைத் துடைக்க அப்பா ஒரு சின்னப் பாட்டிலில் பழைய சாதாரணப் பெட்ரோல் வைத்திருப்பார். அதில் ஒரு சொட்டை இடது பக்கம் விட்டாள். டின்னிலிருந்து ஒரு சொட்டை வலது பக்கம் விட்டாள்.

"இது இன்னா விளையாட்டு?" என்றார் கண்ணாயிரம்.

விளையாட்டு இல்லை. போன மாதம் அவள் கணக்கு நோட்டில் பெட்ரோல் கொட்டியது. அடி நிச்சயம் என்று பயந்துகொண்டிருந்தபோதே அது தடம் இல்லாமல் காய்ந்துபோனது. தமிழ் நோட்டில் விளக்கு மண்ணெண்ணெய் கொட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அதற்கு வாங்கிய அடியும் மறக்கவில்லை. இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தாளைக் காற்றில் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் இடது சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. வலது சொட்டு எண்ணெய்க் கறையாகப் பரவி நின்றது. தாளை வெயிலுக்குத் தூக்கினாள். கறை வழியாக வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது.

"கை படாத டின்னுங்க," என்றாள் சாலம்மாள்.

கண்ணாயிரம் டின்னை முகர்ந்தார். முகம் சுருங்கியது. ஆண்டியின் அருகே போய், அவர் தோளில் கை வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"பரவால்லிங்க மொதலாளி," என்றார் ஆண்டி.

"பரவால்ல இல்ல," என்றாள் சாலம்மாள். "திருடன்னு சொன்னது மட்டும் பதினெட்டுப் பேருக்குக் கேட்டுது. திருடலன்றத ஏன் எங்கப்பா காதுல மட்டும் சொல்றீங்க?"

ஆண்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. கண்ணாயிரம் கனைத்துக்கொண்டார்.

"ஆண்டி திருடல. டின்ன வித்தவன் என்னை ஏமாத்திட்டான்."

"இங்க கேக்கல," என்றாள் பின்னால் நின்ற ராணியம்மாள்.

அவர் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை கரையோரத்துக் கொக்குகள்கூடப் பறந்துபோயின. ஆண்டி நிமிர்ந்து பார்த்தார்.

நல்ல பெட்ரோல் ஒரு பாட்டிலுக்கு மேல் இல்லை. ஆகவே அன்று அக்கரை வரைக்கும் துடுப்புதான். ஒரு துடுப்பை ஆண்டி பிடித்தார். இன்னொன்றைக் கண்ணாயிரம் பிடித்தார். வேகம் போதவில்லை என்று சாலம்மாள் இரண்டு தடவை சொன்னாள்.