வெள்ளிக்கிழமை உதிரி

காலை ஐந்தே முக்காலுக்கு உமையாள் முத்தடியின் மூச்சைப் பார்த்துவிடுவாள். காற்றுக்கூடத்துச் சுவரில் இருந்த மூச்சுப்பலகை பிராணவாயு, ஈரம், தூசி என்று மூன்று கோடுகளைக் காட்டும். மூன்றும் பச்சையாக இருந்தால்தான் அறுபத்திரண்டு பேரும் நிம்மதியாகக் கொட்டாவி விடலாம். தலைக்கு மேல் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு மன்னார் வளைகுடா. அன்றைக்கும் மூன்றும் பச்சை. ஜன்னல் கண்ணாடியை ஒரு கிளிமீன் வழக்கம்போலக் கொத்திவிட்டுப் போனது.

கடல் ஏறி, கரையோர ஊர்கள் பாதி பின்வாங்கிய பிறகு, பவளத்தையும் கடற்புல்லையும் வளர்த்து மிச்சக் கரையைக் காப்பாற்றுவதற்காகக் கடலடியில் இறக்கிய குடியிருப்புகளில் முத்தடியும் ஒன்று. இங்கே எல்லாரும் சைவம். சாமி காரியம் ஒன்றுமில்லை. காவல் காக்கிற கடலில் கை வைக்கக் கூடாது என்ற ஒப்பந்தம், அவ்வளவுதான். அரிசியும் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளக்கு வெளிச்சத்தில் விளையும் அடுக்கு ஒளிவயலிலிருந்து வரும். மற்றதெல்லாம் கரையிலிருந்து ஏற்றக்கூண்டில் இறங்கும். இறங்கக் கூடாதது ஒன்றே ஒன்று. அது பதினேழாம் விதி: 'கோதுமையும் கோதுமை கலந்த எதுவும் கீழே வரலாகாது. காரணம்: கோதுமை மாவுத் தூசி ஈரத்தில் பசையாகிக் காற்றுக் குழாயை அடைக்கும்.'

அந்த விதிக்கு உமையாள் மனசுக்குள் தினமும் ஒரு கும்பிடு போடுவாள். அவளுக்குக் கோதுமை ஆகாது. மூன்று வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, பத்து நாள் படுக்கை. காரைக்குடியில் அவள் போகாத கல்யாணம் இல்லை, சாப்பிட்ட கல்யாணமும் இல்லை. "அரிசிச் சோறு திங்கிற ஊருல கோதுமை எங்கடி இருக்கு? ஒரு வாய் சாப்பிட்டா என்ன குடியா முழுகிடும்?" என்பார்கள். ரவையில் இருக்கும், சேமியாவில் இருக்கும். யாரும் சந்தேகப்படாத சாம்பாரிலும் இருக்கும்; ஏனென்றால் கடையில் விற்கிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கவே அவள் அம்மாவுக்கு ஒன்பது வருடம் ஆனது. அதுவரை சாம்பாரைத் தின்றுவிட்டுத் துடிக்கிற பெண்ணைப் பார்த்து, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள்.

முப்பத்தாறு வயதில் காற்றுப் பொறியாளராக முத்தடிக்கு இறங்கினாள். தன் உடம்பைப் பற்றி டாக்டர் ஷஹீதாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். முதல் நாள் பந்தியில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தவளுக்கு, இங்கே கோதுமையே கிடையாது என்று தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது. இடியாப்பம், தினை அடை, வரகுப் பொங்கல், கேழ்வரகுக் களி, எள்ளுக் கொழுக்கட்டை என்று இந்த ஏழு வருடத்தில் அவள் சாப்பிட்டதை எழுதினால் ஒரு புத்தகம் போடலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் 'உதிரி' வரும். மெத்தென்று, ஓரம் முறுகலாக, கிழிந்த கிழிந்த துண்டுகள். மேலே தேங்காயும் பட்டாணியும் போட்ட காரமான சால்னா. அது என்ன பலகாரம் என்று அவள் கேட்டதே இல்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவாள்.

ஆனால் மற்றவர்கள் விடுமுறைக்குக் கரைக்குப் போய்த் திரும்பும்போது கண்ணில் பரோட்டா தெரியும். சமையற்காரர் இருளப்பன் இருபத்திரண்டு வருடம் விருதுநகரில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். ஒருநாள் அவர் ஈரத் துண்டை மேடையில் பரோட்டா மாவு மாதிரி சுழற்றி வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் சட்டென்று அந்தத் துண்டாலேயே மேடையைத் துடைத்தார். அன்று ராத்திரி உமையாளுக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தோரு பேரும் ஏங்கிக் கிடக்க, தான் மட்டும் சொகுசாகச் சாப்பிடுகிறோமே என்று உறுத்தியது. உண்ட வீட்டுக்கு ஏதாவது செய்யாமல் இருப்பதும் ஒரு வகை இரண்டகம்தான் என்று பட்டது.

ஓய்வு நேரத்தில் இரண்டு வருடம் உழைத்து ஒரு மாவுவலை செய்தாள். குழாய் வாயில் பொருத்தினால் கோதுமைத் தூசியை அது பிடித்துவிடும், குழாய் அடைக்காது, பதினேழாம் விதிக்கு வேலை இல்லாமல் போகும். ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வலை குழாயைக் காக்கும், உமையாளைக் காக்காது. கோதுமை கீழே வந்தால், ஒரே அடுக்களை, ஒரே காற்று உள்ள இடத்தில் அவளால் இருக்க முடியாது. அதனால் மாவுவலையோடு கூடவே, கரைக்கு மாற்றல் கேட்டு ஒரு கடிதமும் எழுதி மடித்து வைத்திருந்தாள். இன்று மதியப் பந்தியில் இரண்டையும் சொல்வதாக ஏற்பாடு. பழையபடி தூக்குச்சட்டியோடு தனியாக உட்கார வேண்டியதுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

காலைப் பந்தியில் அவள் பக்கத்தில் பிரகாசி வந்து உட்கார்ந்தாள். தூத்துக்குடிக்காரி, பவளம் நடுகிற வேலைக்கு முந்தாநாள்தான் இறங்கியிருந்தாள். வாய் ஓயாது.

"என்னக்கா இது அநியாயம்! கூண்டுல ஏறும்போதே என் பிஸ்கட் பாக்கெட்ட புடுங்கிட்டாவ. கேட்டா பதினேழாம் விதிங்காவ."

"மாவு பறந்து குழாய அடைச்சிடும் பிரகாசி. இங்க எல்லாருக்கும் ஒரே காத்து."

"சரிக்கா, மாவு பறக்கும். பிஸ்கட் எங்க பறக்கும்? எங்கம்மா குடுத்து விட்ட பெருங்காய டப்பாவையும் வாங்கி வச்சுக்கிட்டாவளே, அது பறக்குமா?"

உமையாள் சிரித்தாள். இடியாப்பத்தைப் பிசைந்த கை பாதியில் நின்றது.

பிஸ்கட் பறக்காது. பெருங்காயம் பறக்காது. கட்டியாகக் கிடப்பதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பில் ஊற்றப் போகிறார்கள். அதனால் எந்தக் குழாய் அடைக்கும்? தூசிக்குப் பயந்தவர்கள் பெருங்காயத்தைத் தேடிப் பிடிக்க மாட்டார்கள். அதில் கோதுமை இருப்பது, அவளைப் போன்ற குடல் வாய்த்தவர்களும் அவர்களுக்காகக் கவலைப்படுகிறவர்களும் மட்டும் தெரிந்து வைத்திருக்கிற விஷயம். ஏழு வருடமாக இந்தக் காற்றைக் கட்டி மேய்க்கிற அவளுக்கு இது தோன்றவே இல்லை. நமக்கு நல்லது செய்கிற விதியை யார் குடைந்து பார்க்கிறார்கள்?

காற்றுக்கூடத்துக்கு ஓடினாள். விதியின் வாசகத்தை மாவுவலை வேலைக்காக எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறாள். எழுதிய தேதியைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவள் முத்தடிக்கு இறங்கியது ஏழு வருடத்துக்கு முன் தை பதினான்காம் தேதி. விதி எழுதப்பட்டது அதே வருடம் தை பத்து.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அடுக்களைக் கதவு சாத்தியிருக்கும். இருளப்பன் உள்ளே பூஜை செய்கிறார் என்று ஊரே நம்பியது. உமையாள் தட்டாமல் திறந்துகொண்டு போனாள். மேடை முழுக்க எண்ணெய். அவர் கையில் வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ ஒன்று சுழன்று, காற்றில் விரிந்து, மேடையில் விழும்போது நடுவில் கிழிந்தது.

"அடச்சே!" என்றவர், அவளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"அண்ணே, இங்க வெறும் பெருங்காயப் பாலை உறைய வச்ச கட்டிதானே வாங்குறீங்க? மாவு கலந்தது வாங்குறதில்ல. ஏன்?"

"அது... வாசம் தூக்கலா இருக்கும்ல."

"பதினேழாம் விதி எனக்காகப் போட்டதா?"

இருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். மழுப்புவதற்கு அவர் முகம் பழகியிருக்கவில்லை.

"டாக்டரம்மா பேரைச் சொல்லல தங்கச்சி. வர்ற ஆள்கள்ல ஒருத்தருக்குக் கோதுமை ஆகாது, வேற ஆள் பாக்கவா, இல்ல நாம கோதுமைய விட்டுடலாமான்னு பந்தியில கேட்டாங்க. எல்லாரும் கைய தூக்கினோம், விட்டுடலாம்னு. அப்புறம் பாத்தா கூண்டுலருந்து இறங்குனது நீ ஒரே ஆளு. பேரு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"எல்லாருமா?"

"எல்லாரும். இருந்த மைதாவுக்கெல்லாம் அன்னைக்கே பரோட்டா போட்டேன். ஒரு பொட்டு மிச்சம் வைக்கல. ஆளுக்கு நாலு, அஞ்சுன்னு வெளுத்துக் கட்டினாங்க. மறுநாள்லருந்து மூணு நாள் தேய்ச்சுக் கழுவினோம் பாரு, முதுகு ஒடிஞ்சு போச்சு. பலகை, குழவி, தோசைக்கல் எல்லாத்தையும் மேல அனுப்பிட்டுப் புதுசு வாங்கினோம்."

"ஏண்ணே எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லல?"

"சொன்னா நீ விருந்தாளியா உக்காந்து அளவாத் தின்னுட்டு எழுந்திரிச்சிருப்ப. வீட்டு ஆளா உக்காந்து ரெண்டாந்தரம் கேட்டிருக்க மாட்ட. அதனாலதான் தூசி, குழாய்னு டாக்டரம்மா எழுதி வச்சாங்க. காத்துப் பொறியாளருக்கே காத்துல கதை விடுறாங்களே, மாட்டிக்குவோம்னு நானே பயந்தேன். நல்லவேளை, நீ கண்டுபிடிக்கல."

உமையாள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தினமும் கும்பிட்டது அதிர்ஷ்டத்தை இல்லை. ஒவ்வொரு வேளையும் தனக்கு வலதும் இடதுமாக உட்கார்ந்திருந்த மனிதர்களை. அழுதாள். அடக்கவில்லை. இருளப்பன் ஒரு தம்ளர் மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும்தான் மேடையில் கிடந்தது அவள் கண்ணில் பட்டது. "அது என்னண்ணே?"

"பச்சரிசி மாவு, மரவள்ளி மாவு, ஒட்டுறதுக்கு இசப்கோல் உமி. அதுல பரோட்டா வீசிப் பாக்குறேன். கோதுமையில ஒரு இழுவை இருக்கு பாத்துக்க, அது இதுல வர மாட்டேங்குது. வீசுனா கிழியுது. மைதா போனாலும் பெருங்காயம் வச்ச டப்பா மாதிரி எனக்குப் பழைய வாசம் போகலயே! கை மறந்துடக் கூடாதுன்னு ஈரத் துண்ட வச்சுப் பழகுவேன். வெள்ளிக்கிழமைதான் மாவுல கை வைக்கிறது."

"கிழிஞ்சத என்ன செய்வீங்க?"

"கல்லுல போட்டு எடுத்து, சால்னாவ ஊத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, வெட்கத்தோடு சிரித்தார். "ஏழு வருசமா நீ ரெண்டு தரம் வாங்குறியே, அதுதான்."

மதியப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்ததும் யாரோ, "உமையா, இன்னிக்கு ஏதோ சொல்லணும்னியே?" என்றார்கள். உமையாள் எழுந்தாள். அறுபத்தோரு முகங்களும் அவளைப் பார்த்தன. இத்தனை நாளும் பார்த்த முகங்கள்தான். சொல்ல நினைத்து வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

"பதினேழாம் விதிக்கு அர்த்தம் எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள். "ரொம்ப நன்றி. வேற சொல்லத் தெரியல. இன்னிக்கு நான் பரிமாறுறேன்."

டாக்டர் ஷஹீதா தன் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உமையாள் உதிரிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முதல் ஆளிடமிருந்து ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கை மறித்தவர்களுக்கும் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்தது. மடித்து வைத்த கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டாள்; மாவுவலையை அரிசி அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டிவிடலாம் என்று பிறகு முடிவாயிற்று.

பிரகாசி முதல் வாயைப் போட்டாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மென்றாள். "யாரு இங்க பரோட்டா போட்டது?" என்று கத்தினாள். "கோதுமை வரப்படாதுன்னு எனக்கு மட்டும் சட்டமாக்கும்! பரோட்டாவப் பிச்சுப் போட்டு ஏமாத்துதீயளா?"

அடுக்களை வாசலில் நின்ற இருளப்பன் அசையவே இல்லை. முத்தடிக்காரர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் சொன்னார்கள். அவர்கள் பிரியத்தில் சொல்வார்கள். நாலு நாள் முன்னால் கரையில் பரோட்டா தின்ற நாக்கு இதைப் பரோட்டா என்று சொன்னது இப்போதுதான். அவர் உள்ளே போய், தட்டுப் போட்டு மூடிய ஒன்றை எடுத்து வந்தார். கிழியாமல், வட்டமாக, அடுக்கடுக்காக ஒன்று.

"காலையில நீ வந்துட்டுப் போனப்புறம் வீசுனது," என்று உமையாளின் தட்டில் வைத்தார். "இன்னிக்குத்தான் முழுசா வந்துது."

நாற்பத்து மூன்று வயதில் தன் முன்னால் இருந்த பரோட்டாவை எங்கே தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரகாசி கிட்டே நகர்ந்து வந்தாள். "ரெண்டு பக்கமும் கைய வச்சுத் தட்டுங்கக்கா. ஆங், அப்படித்தான். இப்பம் பிச்சுப் போட்டு, சால்னாவ மேல ஊத்தி, கொஞ்சம் ஊற விடுங்க. அவசரப்படப்படாது."

உமையாள் தட்டினாள், பிய்த்தாள், ஊற்றினாள், ஊற விட்டாள். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டு மெதுவாக மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு தங்கச்சி? உள்ளத உள்ளபடி சொல்லு. கோதுமை பரோட்டா மாதிரி வந்திருக்கா?"

"எனக்கு வேற பரோட்டா தெரியாதுண்ணே," என்றாள் உமையாள். "இதுதான் பரோட்டா."