பதினாறு கிராம்

சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்த நிருபமாவின் வளையல் மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டி, பாத்திரத்துக்குள் விழுந்தது. போன மாதம் சோப்புப் போட்டாலும் அசையாத வளையல்.

ஸ்ரீஹர்ஷா பதினோரு வருஷத்தில் பெண்டாட்டிக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கியவனில்லை. வைட்ஃபீல்ட் டிராஃபிக் கூட நகரும். அவன் கை பாக்கெட் பக்கம் நகராது. அப்பேர்ப்பட்டவன் போன மாதம் கல்யாண நாளன்று, இதய வடிவில் ஒரு பழங்காலத் தங்கப் பதக்கத்தை அவள் கழுத்தில் மாட்டி, "கழட்டவே கூடாது, நிரு" என்றான். ஏழு தலையணை நனையுமளவு அழுதாள், சந்தோஷத்தில்.

பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் பதக்கம் வெதுவெதுப்பாகவே இருந்தது. துருப்பிடித்த ஆணியின் வாடையும், கைக்குழந்தை பால் உறிஞ்சுவது போன்ற சின்னஞ்சிறு சத்தமும், குக்கர் விசில் அடங்கிய நேரங்களில் அவள் புடவைக்குள்ளிருந்து கசிந்துகொண்டிருந்தன.

மத்தியானமே ஆஸ்டின் டவுனுக்கு ஓடினாள். போன மாதம் கொக்கியை இறுக்கிக் கொடுத்த பத்தர் வைத்தீஸ்வரன் பதக்கத்தை எடை போட்டார். மறுபடி போட்டார்.

"அன்னிக்குப் பன்னெண்டு கிராம். இப்பப் பதினாறு. தராசுல தப்பில்லம்மா." துணியால் பிடித்து நீட்டினார். "இங்க வெக்காதீங்க. நீங்களும் மாட்டாதீங்க."

கடைக் கண்ணாடியில் பார்த்தாள். மார்பில் இதய வடிவத் தழும்பு. ஓரமெல்லாம் புள்ளிகள். பல் வரிசை போல.

சாக்கடையில் வீச ஓங்கிய கை இறங்கியது. அவன் தந்த ஒரே பரிசு. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் ஸ்ரீஹர்ஷா லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஹர்ஷா, இது எடை கூடறது. பதினாறு கிராம்!"

"பதினாறா? நேத்து நீ தூங்கறச்சே பதினஞ்சே முக்கால்."

"உனக்குத் தெரியுமா?"

"தங்கம் விக்கற விலையில, சும்மனே வளர்றதை யாராவது நிறுத்துவாளா?"

"நான் கரையறேன்டா!"

"ஊரே பணம் கட்டி ஜிம்முல கரையறது."

அப்போதுதான் அவளது வெறுங்கழுத்தைப் பார்த்தான். கோபப்படவில்லை. சிரித்தான்.

"கழட்டிட்டியா? பரவாயில்ல. அதே கடையில இன்னொண்ணு இருந்தது. சின்னது."

உள்ளறையில் தர்ஷினியின் சிரிப்பு. ஏழு வயது மகள்.

"அம்மா! காலையிலேயே அப்பா போட்டுவிட்டா! கிச்சுக்கிச்சு மூட்டறதும்மா!"

நிருபமா ஓடினாள். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

கதவிடுக்கின் வழியே ஒரு குட்டி வளையல் உருண்டு வந்தது. அவள் காலில் முட்டிச் சாய்ந்தது.

அதன் பின்னால் இன்னொன்று.